எந்த நட்டு எதைப் பிடித்திருக்கிறது? எஞ்சின் பாகங்களைக் கழற்றப் பழகுகிறவர்களுக்கு

கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்தத் தாமானுக்குள் (வீடமைப்புப் பகுதி) போனாலும் ஒரு வீட்டு வாசலிலாவது காரின் போன்னெட் திறந்திருக்கும். பழைய சாகா, காஞ்சில், இல்லையென்றால் நிறம் மங்கிப்போன முதல் தலைமுறை மைவி. தோட்டத்தில் பிறந்து, தாமானுக்கு வீடு மாறி, கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு நாள் கார் படுத்துவிட்டால் வேலைக்குப் போவதே பெரும்பாடு. பட்டறைக்கு விட்டால் கூலி வேறு. லோரியும் டிராக்டரும் பழுது பார்த்த அப்பாக்களையும் சித்தப்பாக்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் ஸ்பேனரைத் தொடுவதற்குப் பயமும் கிடையாது. அந்தத் துணிச்சலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பப் பூட்டும்போது வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை கழற்றும்போதே தொடங்கியவை. மரை கெட்டுப்போவது, இரண்டு போல்ட் மிஞ்சுவது, எந்த ஹோஸ் எங்கே போனது என்று விழிப்பது, இரண்டு பாகங்களுக்கு நடுவே ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்ட மறுநாளே ஒழுகுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

கழற்றுவதற்கு ஒரே ஒரு கேள்வி தெரிந்தால் போதும். இந்த நட்டு இப்போது எதைப் பிடித்து வைத்திருக்கிறது? எஞ்சினில் சும்மா உட்கார்ந்திருக்கிற நட்டு என்று ஒன்று கிடையாது. ஒன்று அழுத்தத்தைப் பிடித்திருக்கும், ஒன்று எடையைத் தாங்கியிருக்கும், ஒன்று பெல்ட்டின் இழுப்பை, ஒன்று மின்சாரத்தை. இன்னொன்று எதையும் தாங்காது, ஆனால் ஒரு பாகம் சரியான கோணத்தில் நிற்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அது எது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பிடியை முதலில் தளர்த்திவிட்டு, அப்புறம் நட்டைத் தொடுவதுதான் கழற்றும் முறை. வரிசை என்பதெல்லாம் இதிலிருந்து தானாகவே வந்துவிடும்.

அடங்கிக் கிடக்கும் அழுத்தம்

ரேடியேட்டர் மூடியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய வகைக் கார்களில் பெரும்பாலும் மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். ஏறக்குறைய அத்தனை ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வரை அது உள்ளே பிடித்து வைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அதுவரை கொதிக்காமல் இருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்து மேலே பாய்கிறது. முகத்திலும் கையிலும் வெந்துபோகிறவர்களுக்கு நடப்பது இதுதான். துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ராத்திரி நிறுத்தி வைத்த காரைக் காலையில் திறப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஹோஸ், வாட்டர் பம்ப் என்று தண்ணீர் ஓடுகிற எதைத் தொட்டாலும் இதே கணக்குதான்.

பெட்ரோல் குழாயிலும் அழுத்தம் உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய சாகாவில் அது மிகக் குறைவு. இன்ஜெக்‌ஷன் வைத்த கார்களில் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும், அதாவது டயரில் அடிக்கிற காற்றைவிட அதிகம். எஞ்சினை நிறுத்திய பிறகும் அது குழாய்க்குள் வெகுநேரம் தங்கியிருக்கும். அதனால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். குழாயில் மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டு அது தானாகவே நின்றுவிடும். அப்புறம்தான் குழாயில் கை வைக்கலாம். உண்மையைச் சொன்னால், புதிதாகப் பழகுகிறவர்கள் பெட்ரோல் குழாய் பக்கமே போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வாசலில் சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரிகிற வீடுகள் நம்முடையவை.

பேட்டரி: ஏன் நெகட்டிவ் முதலில்?

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். காரணத்தைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. காரின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நீங்கள் பாசிட்டிவ் முனையின் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பும்போது ஸ்பேனரின் மறுமுனை போன்னெட் ஓரத்திலோ இரும்புத் தாங்கியிலோ பட்டால், பாசிட்டிவும் நெகட்டிவும் நேராகச் சேர்ந்துவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் அப்படியே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் உடம்புக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. பூட்டும்போது தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

ஸ்டார்ட்டரையோ அல்டர்னேட்டரையோ கழற்றுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்டார்ட்டரின் பின்னால் இருக்கிற தடித்த வயர் பொதுவாக ஃபியூஸ் எதுவும் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வருகிறது. சாவியை எடுத்துவிட்டால் அதில் மின்சாரம் இருக்காது என்று நினைப்பது தப்பு.

இழுப்பு, எடை, கோணம்

அல்டர்னேட்டர் பெல்ட்டின் இழுப்பைப் பல பழைய கார்களில் மூன்று போல்ட்டுகள் கவனித்துக்கொள்கின்றன. அல்டர்னேட்டர் அசைவதற்கான அச்சு போல்ட், இடத்தைப் பூட்டுகிற போல்ட், இழுப்பைக் கூட்டிக் குறைக்கிற நீளமான போல்ட். முதல் இரண்டையும் தளர்த்தாமல் மூன்றாவதைத் திருகினால் அது வளைந்துபோகும், அல்லது மரை போய்விடும். தளர்த்தினால் போதும், அந்த இரண்டையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அது எந்தக் கப்பிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்தில் பெரிய விளக்கம் தேவையில்லை. ஸ்டார்ட்டர் சில கிலோ இருக்கும். கீழே படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டைக் கழற்றினால் அது விழப்போவது உங்கள் முகத்தில்தான். ஒரு கை எப்போதும் பாகத்தின் அடியில் இருக்கட்டும்.

கோணம் கொஞ்சம் நுணுக்கமானது. பழைய சாகாவில் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கிற நட்டு ஒன்றும் பெரிய எடையைத் தாங்கவில்லை. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் பிளக் எப்போது பொறி விடும் என்பது முடிவாகிறது. சில டிகிரி மாறினாலே எஞ்சின் திணறும். அதனால் நட்டைத் தொடுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும் பக்கத்து எஞ்சின் உலோகத்திலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். மூடியைத் திறந்து, உள்ளே ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பப் போடும்போது கோடும் கோடும் சேர்ந்தால் போதும். பிளக் வயர்களை 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். பொறி விடுகிற வரிசை 1-3-4-2. இரண்டு வயர் இடம் மாறினால் எஞ்சின் வெடி போடும்.

டைமிங் பெல்ட்டும் இதே குடும்பம்தான், ஆனால் விளைவு வேறு. அது பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் முறை வைத்துப் போக வைக்கிறது. பல எஞ்சின்களில் பெல்ட் இல்லாத நேரத்தில் கிராங்கைத் திருப்பினால் பிஸ்டன் போய் வால்வை வளைத்துவிடும். முதல் வருடம் அதைத் தொடாதீர்கள்.

போல்ட் நீள்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை புரிந்தமாதிரி என்பேன். போல்ட்டை இறுக்கும்போது அது மரைக்குள் போய் அடைத்துக்கொள்கிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. தலை ஒரு பக்கம் தட்டி நிற்க, மரை மறுபக்கம் இழுக்க, போல்ட்டின் நடு உடம்பு நூலளவு நீள்கிறது. இழுத்த ரப்பர் பேண்ட் சுருங்கப் பார்ப்பதுபோல அந்த எஃகும் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அமுக்குகிறது. ஒழுகாமல் காப்பதும் அதிர்வில் கழலாமல் காப்பதும் அதுதான்.

இதிலிருந்து நான்கைந்து விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

வரிசையாகப் பத்து போல்ட் ஒரு மூடியை அமுக்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு மூலையில் தொடங்கி ஒவ்வொன்றாக முழுக்கக் கழற்றிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுகிற இரண்டு மூன்று போல்ட்டுகளின் மேல் மொத்த இழுப்பும் விழுகிறது. மூடி வளைகிறது. அலுமினியம் என்றால் வளைந்தது வளைந்ததுதான். அதனால் எல்லா போல்ட்டையும் முதலில் அரைச்சுற்று, அப்புறம் இன்னொரு அரைச்சுற்று என்று கட்டம் கட்டமாகத் தளர்த்த வேண்டும். வெளி ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, எதிரும் புதிருமாக. இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே. சிலிண்டர் ஹெட்டுக்கும் இதே விதிதான், அங்கே இன்னும் கண்டிப்பாக.

சில எஞ்சின்களில் ஹெட் போல்ட்டை வேண்டுமென்றே திரும்பச் சுருங்காத அளவுக்கு நீட்டி இறுக்குவார்கள். அவற்றை ஒரு முறை கழற்றினால் திரும்பப் போடக்கூடாது. பார்ப்பதற்குப் புதிது மாதிரியே இருக்கும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

குறித்த அளவு பலம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்கிற டோர்க் ரெஞ்சில் நீங்கள் போடுகிற பலம் எல்லாம் போல்ட்டை நீட்டுவதற்குப் போவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதற்குப் போகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் கரைந்துபோகிறது. துருப்பிடித்த மரையில் டோர்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லிவிடும், ஆனால் போல்ட் போதிய அளவு நீண்டிருக்காது. எண்ணெய் தடவிய மரையில் அதே ‘டிக்’கில் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். ஆகவே கழற்றிய போல்ட்டைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்து வைப்பது அழகுக்காகச் செய்கிற வேலை அல்ல.

வெப்பத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. இப்போதைய கார்களில் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு எஃகு. சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருப்பினால், மென்மையான அலுமினிய மரை பிளக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடலாம். சூடான ஹெட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட்டே வளையலாம். காலை நேரம்தான் இந்த வேலைக்குச் சரி. நம் ஊரில் சாயங்காலம் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்ளும் என்பது இரண்டாவது காரணம்.

சாமான்கள்

புரோட்டோன் 1985-இல் சாகாவை மிட்சுபிஷி எஞ்சினோடு தொடங்கியது. பெரோடுவா 1994-இல் காஞ்சிலை டைஹாட்சு எஞ்சினோடு தொடங்கியது. 2005-இல் வந்த மைவியும் டைஹாட்சு வழிதான். இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. ஜப்பானியக் கணக்கில் வந்த எஞ்சின்கள் என்பதால் 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகள் இருந்தால் எஞ்சின் அறையில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். 10 மி.மீ. சாக்கெட் மட்டும் இரண்டு வாங்கிவையுங்கள், ஒன்று கண்டிப்பாகக் காணாமல் போகும்.

சாக்கெட்டில் ஆறு பக்கம் உள்ளது, பன்னிரண்டு பக்கம் உள்ளது என்று இரண்டு வகை. ஆறு பக்கம் உள்ளது போல்ட் தலையின் தட்டையான முகத்தைப் பிடிக்கும். பன்னிரண்டு பக்கம் உள்ளது மூலையைப் பிடிக்கும். துருப்பிடித்த போல்ட்டில் மூலை வழுக்கித் தலை உருண்டையாகிவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) பெட்டியோடு மலிவாகக் கிடைப்பதில் பன்னிரண்டு பக்கம் உள்ளதுதான் அதிகம். ஆறு பக்க சாக்கெட் நான்கு மட்டும் நல்லதாக வாங்கினாலே போதும்.

பழைய கார்புரேட்டரில் இருக்கிற கூட்டல் குறி ஸ்குரூக்களுக்கும் ஒரு விஷயம் உண்டு. அவை ஜப்பானியத் தரத்தில் வெட்டியவை. சாதாரண ஸ்குரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது, பலம் கொடுத்ததும் மேலே எழும்பி வந்து குழியைச் சிதைத்துவிடும். ஸ்குரூ தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அது ஜப்பானிய வகை. அதற்கான டிரைவர் தனியாகக் கிடைக்கிறது.

மைவி வால்வ் கவர்: ஒரு வேலை முழுசாக

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே வேலையில் வந்து சேர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் தலைமுறை மைவி 1.3-இன் வால்வ் கவர், அதாவது எஞ்சினின் மேல்மூடியின் கேஸ்கெட்டைப் பாருங்கள். வயதான மைவிகளில் பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருப்பது சகஜம். எஞ்சின் இடறும், சூடான புகைக்குழாய்ப் பக்கம் எண்ணெய் சொட்டினால் கருகிய வாடை வரும். காரணம், சூட்டில் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிப்போன ரப்பர். மாற்றுவது பழகுகிறவர் கைக்கு அடங்கிய வேலை.

முதலில் சுத்தம். செம்மண் தூசி, காய்ந்த இலை எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கவரைத் திறந்த பிறகு விழுகிற தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் எலி ஏதாவது கூடு கட்டியிருக்கிறதா, வயரைக் கடித்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்து கார் ஸ்டார்ட் ஆகாதபோது, நாம் எதையோ கெடுத்துவிட்டோம் என்று தேடிக்கொண்டிருப்போம்.

பேட்டரி நெகட்டிவ். அப்புறம் மேலிருந்து கீழே. காற்றுக் குழாய் குறுக்கே நின்றால் அதன் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, திறந்த வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். அந்த வாய்க்குள் ஒரு வாஷர் விழுந்தால் சிலிண்டர் வரைக்கும் போகும்.

பிளக்குகளுக்குப் பொறிக்கான மின்சாரம் கொடுக்கிற நான்கு இக்னிஷன் காயில்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு கனெக்டர், ஒரு 10 மி.மீ. போல்ட். கனெக்டரின் நாக்கை விரலால் அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுங்கள், வயரை இழுக்காதீர்கள். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், அவசரப்பட்டால் நாக்கு ‘பட்’டென்று ஒடிந்துவிடும். காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருப்பி நேராக மேலே தூக்குங்கள். நான்கும் ஒரே மாதிரிதான், இருந்தாலும் எதை எங்கே எடுத்தீர்கள் என்று வரிசையாகவே வையுங்கள். எந்தக் குழியில் எண்ணெய் அதிகம் என்பதும் ஒரு தகவல்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் பிளக்கைக் கழற்றாதீர்கள். பிளக்தான் அந்த எண்ணெயையும் மணலையும் சிலிண்டருக்குள் விழாமல் பிடித்திருக்கிறது. மெல்லிய துணியைச் சுருட்டி ஸ்குரூ டிரைவரில் சுற்றி, ஒற்றி ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு பிளக்கை எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கலாம். கேஸ்கெட் மாற்றுவதற்கு அதை எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

கவரோடு இணைந்திருக்கிற ரப்பர் ஹோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். நேராக இழுத்தால் வராது. அது குழாயைச் சுற்றி முதலில் கொஞ்சம் திரும்ப வேண்டும், திரும்பினால் கழன்றுவிடும். திரும்பவே மாட்டேன் என்று அடம் பிடித்தால், எப்படியும் புதிது போடப் போகிற பழைய ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு உரித்துவிடுங்கள். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் ஹோஸ் போகாது, அடியில் இருக்கிற குழாய் ஒடியும்.

இப்போது கவர் போல்ட்டுகள். ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் கவரின் வடிவத்தைக் கோடு போட்டு வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் எடுக்க எடுக்க அட்டையில் அதே இடத்தில் குத்தி நிறுத்துங்கள். எல்லா போல்ட்டையும் மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி வைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. எஞ்சினில் ஒரே மூடிக்குக்கூட நீளம் மாறுபட்ட போல்ட்டுகள் இருப்பதுண்டு. நீளமானதைக் குட்டைக் குழியில் போட்டால் அடியில் முட்டி நிற்கும். தலை இறுகியமாதிரி இருக்கும், ஆனால் மூடியை அமுக்காது. இன்னும் முறுக்கினால் குழியே விரியும். குட்டையை ஆழக் குழியில் போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், இறுக்கும்போது உரிந்துவிடும். சில இடங்களில் போல்ட்டோடு ரப்பர் வாஷரும் வரும். அதையும் அதனோடேயே வையுங்கள்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் கவர் அசையாது. பலர் இந்த இடத்தில்தான் ஸ்குரூ டிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்புவார்கள். அப்படி ஒரு கீறல் விழுந்தால் அது வழியாகக் காலத்துக்கும் ஒழுகும். முதலில் போல்ட் எதையாவது விட்டுவிட்டோமா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் ரப்பர் சுத்தியலாலோ மரக்கட்டை வைத்தோ பக்கவாட்டில் தட்டுங்கள். டைமிங் செயின் மூடியும் ஹெட்டும் சேர்கிற மூலைகளில் சிலிக்கோன் பூசியிருக்கும். அதுதான் பிடித்திருக்கும். நாலு தட்டில் விட்டுவிடும்.

கவரைத் தூக்கியதும் உள்ளே பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் இருந்தால் எண்ணெய் ஒழுங்காக மாற்றிய கார். கன்னங்கரேலென்று குழம்பு படிந்திருந்தால் மாற்றாமல் ஓட்டிய கார். பால் கலந்தமாதிரி இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ எண்ணெயில் சேர்கிறது. அப்படியென்றால் கேஸ்கெட் வேலையை நிறுத்திவிட்டு பட்டறை மெக்கானிக்கான போமனிடம் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் சுத்தமான, நூல் பிரியாத துணியால் மூடிவிடுங்கள். செயின் இறங்குகிற குழிக்குள் ஒரு போல்ட் விழுந்தால் அன்றைய ஞாயிறு முடிந்தது. நீளக் காம்பில் காந்தம் வைத்த சாமான் ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது.

பழைய கேஸ்கெட்டைப் பள்ளத்திலிருந்து உருவி எடுங்கள். பிளக் குழிகளைச் சுற்றிய சீல்களையும் மறக்காதீர்கள், குழிக்குள் எண்ணெய் வந்ததற்குக் காரணமே அவைதான். பழைய சிலிக்கோனைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். பூட்டும்போது புது சிலிக்கோனை அந்த மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் போதும். சுற்றிலும் அப்பிவைக்கிற வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மிச்சம் பிதுங்கி உள்ளே விழுந்து எண்ணெய் வழியை அடைக்கும்.

போல்ட்டுகளைக் கையால்தான் தொடங்க வேண்டும். முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள், ஒரு சின்ன ‘க்ளிக்’ தெரியும். மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் கோணலாக ஏறாது. 10 மி.மீ. தலை உள்ள இந்த வகைப் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய பலமே அதிகம். சரியான எண்ணை அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். லோரி டயர் நட்டைக் காலால் மிதித்து இறுக்கிப் பழகிய கை இதில் ரொம்பவே அடங்கிப் போக வேண்டும். அடியில் இருப்பது ரப்பர். அதை எவ்வளவு நசுக்கினாலும் கூடுதலாக அடைக்காது.

அசையாத போல்ட்

மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற ஊரில் இது வராமல் இருக்காது. குழாய் சொருகி ஸ்பேனரை நீட்டி மிதிப்பதற்கு முன்னால் துருநீக்கி எண்ணெயை அடித்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். அது மரைக்குள் இறங்க நேரம் வேண்டும். மறுநாள் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு, துரு உதிரும். அப்புறம் கழற்றுவதற்கு முன் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். துரு ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கம் வரும்.

கைக்குத் தெரிகிற இரண்டு உணர்வுகள் உண்டு. ‘டக்’ என்று விட்டால் நல்ல செய்தி. சத்தமில்லாமல் குழைந்தமாதிரி திரும்பினால் போல்ட் வருகிறது என்று சந்தோஷப்படாதீர்கள், அது முறுக்கிக்கொண்டு ஒடியப் போகிறது. உடனே நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. முன்னும் பின்னும் கால்சுற்று கால்சுற்றாக ஆட்டி எடுக்கலாம். நெருப்பு காட்டுவது பட்டறையில் செய்கிற வேலை, பெட்ரோலும் ரப்பரும் பக்கத்தில் இருக்கிற வாசலில் வேண்டாம்.

எதைக் கழற்றாமல் விடலாம்

நல்ல போமன்களைக் கவனித்தால் அவர்கள் நம்மைவிடக் குறைவாகத்தான் கழற்றுகிறார்கள். ஏர்கோன் கம்ப்ரசர் வழியில் நின்றால் அதன் போல்ட்டுகளை மட்டும் எடுத்து, ஹோஸ்களோடு அப்படியே ஓரமாக நகர்த்தி, கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். ஹோஸில் தொங்கவிட மாட்டார்கள். ஹோஸைக் கழற்றினால் கேஸ் எல்லாம் போய்விடும், திரும்ப அடிக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பவர் ஸ்டியரிங் பம்புக்கும் அதே வழி. ஆகவே ஒரு பாகத்தைத் தொடும்போது, இதை வெளியே எடுக்க வேண்டுமா, நகர்த்தினால் போதுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

பிளக், ஏர் ஃபில்டர், திராட்டில் சுத்தம், வால்வ் கவர், தெர்மோஸ்டாட், அல்டர்னேட்டர் வரை வாசலில் வைத்துச் செய்யலாம். சிலிண்டர் ஹெட், டைமிங், பெட்ரோல் குழாய், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதுவும் பழக்கமான ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். காரின் அடியில் படுக்க வேண்டிய வேலை என்றால், காரோடு வருகிற ஜேக்கை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. ஸ்டேண்ட் வைத்து, செம்மண் தரை என்றால் ஸ்டேண்டுக்கு அடியில் தடித்த பலகையும் வைக்க வேண்டும். மழை பெய்து ஊறிய மண்ணில் ஸ்டேண்ட் ஒரு பக்கமாக இறங்கிவிடும்.

வடித்த பழைய எண்ணெயைப் பக்கத்துக் கால்வாயிலோ செம்பனை மரத்தடியிலோ ஊற்றிவிடாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. மூடியுள்ள டின்னில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்தால், அவர்கள் சேர்த்து வைக்கிற எண்ணெயோடு ஊற்றிக்கொள்வார்கள். ரேடியேட்டரிலிருந்து வடித்த கூலண்ட்டைத் திறந்த பாத்திரத்தில் பிடித்து வாசலிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அதில் இருக்கிற எத்திலின் கிளைகோல் இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.